சூப்பர் ஹீரோ: மீநாயகனா, மீவீரரா?

‘சூப்பர் ஹீரோ’ என்னும் ஆங்கிலச் சொல்லின் முற்பாதி இலத்தீனம். ‘மேலே’, ‘மேற்பட்ட’ என்பது அதன் பொருள். பிற்பாதி கிரேக்கம். இன்று ‘ஹீரோ’ என்றதும் திரைப்படக் கதாநாயகன்தான் நம் நினைவுக்கு வருகிறான். பழைய கிரேக்கத்திலோ ‘ஹீரோஸ்’ என்பவன், வாழ்ந்து மறைந்தபின் தன் கல்லறையில் படையல் பெற்று, மகிழ்ந்தால் ஊரைக் காக்கவும் சினந்தால் வருத்தவும் வல்லவன் என்று நம்பப்பட்ட மனிதன். மனிதருக்கு மேலே, பெருந்தெய்வங்களுக்குக் கீழே இருந்தது அவன் இடம்.

தாமிரபரணிக் கரையில் இந்த விளக்கம் யாருக்கும் புதிதாகத் தோன்றாது. பாபநாசத்துக்கு மேலே, காரையாற்றிலுள்ள சொரிமுத்து ஐயனார் கோயிலில் பட்டவராயன் என்று வழிபடப்படும் முத்துப்பட்டன் குடிகொண்டிருக்கிறான். பிராமண இளைஞனான அவன், செருப்புத் தைக்கும் குடும்பத்துச் சகோதரிகளான பொம்மக்கா, திம்மக்கா இருவரையும் மணந்து, மாமனாரின் மாடுகளைக் கவர வந்த கள்வரோடு பொருது மாண்ட கதையை வில்லுப்பாட்டுப் புலவர்கள் விடியவிடியப் பாடுவார்கள். அவனுக்கு நேர்த்திக்கடன் தோல் செருப்பு. கட்டித் தொங்கவிட்ட புதுச் செருப்பை அடுத்த ஆண்டு ஆடி அமாவாசைக்கு வந்து பார்த்தால் அடி தேய்ந்திருக்கும், பட்டவராயன் அதை மாட்டிக்கொண்டு இரவெல்லாம் காட்டைச் சுற்றி வருகிறான் என்பது நம்பிக்கை. சங்க காலத்து நடுகல் வழிபாடும் இதே மரபுதான். யானையை வீழ்த்தித் தானும் வீழ்ந்தவனின் கல்லைத் தவிர நெல் தூவி வணங்கும் கடவுள் வேறில்லை என்று புறநானூற்றின் 335ஆம் பாடல் பேசுகிறது.

அமெரிக்கப் படக்கதைக்காரர்கள் இந்தப் பழைய பொருளை அறிந்துதான் சொல்லைக் கையாண்டார்கள் என்று சொல்ல முடியாது. ஆயினும் சொல்லின் வேர் அவர்கள் கதைகளில் தானாகவே துளிர்த்துவிட்டது. 1938இல் வெளிவந்த சூப்பர்மேன் வேற்றுக்கோளிலிருந்து வந்தவன். அவனைப் படைத்த இருவருள் ஒருவரான ஜெர்ரி சீகல், 1940இல் ஓவியர் பெர்னார்ட் பெய்லியுடன் சேர்ந்து ‘ஸ்பெக்டர்’ என்னும் பாத்திரத்தை உருவாக்கினார். ஜிம் காரிகன் என்ற காவல்துறைத் துப்பறிவாளனைக் கொள்ளையர் சிமெண்ட் நிரப்பிய பீப்பாயில் அடைத்து நீரில் எறிந்து கொல்கிறார்கள். மேலுலகக் குரலொன்று அவனைப் பழிதீர்க்கும் ஆவியாகத் திருப்பி அனுப்புகிறது. அநியாயமாக வெட்டுண்டவன் மாடனாகி வந்து கணக்குத் தீர்க்கும் கதைகளைக் கொடைவிழாவில் கேட்டு வளர்ந்தவருக்கு இதில் சிமெண்ட் மட்டுமே புதிது.

அதே 1940இன் குளிர்கால இதழாக வந்த ‘ஆல் ஸ்டார் காமிக்ஸ்’ மூன்றாம் எண்ணில் இத்தகையோர் எண்மர் ஒரே அணியாகக் கூடினர். படக்கதை வரலாற்றில் முதல் சூப்பர் ஹீரோ அணி என்று கொள்ளப்படும் ‘ஜஸ்டிஸ் சொசைட்டி’ அதுதான். சோதனைக்கூடத்து வேதிப்பொருளின் ஆவியை முகர்ந்து மின்வேகம் பெற்ற ஃபிளாஷும், மாத்திரை விழுங்கி ஒரு மணி நேரத்துக்கு மட்டும் பலம் பெறும் அவர்மேனும் அறிவியல் பக்கம். இறந்து மீண்ட ஸ்பெக்டர், மந்திரத் தலைக்கவசம் அணிந்த டாக்டர் ஃபேட், எகிப்திய இளவரசனின் மறுபிறவியான ஹாக்மேன் ஆகியோர் சமயமும் அமானுடமும் சார்ந்தவர்கள். ஒரே மேசையில் வேதியியலும் மறுபிறவியும் உட்கார்ந்தது அங்கே யாரையும் உறுத்தவில்லை. ஐயனார் ஒருவரின் ஆளுகையில் சங்கிலி பூதத்தாரும் பிரம்மராட்சசியும் தூசி மாடனும் இருக்கக் காணும் நமக்கும் அது உறுத்தாது.

நம் பக்கத்துச் சிவகாசியிலிருந்து 1972இல் முத்து காமிக்ஸ் வந்தபோது, தமிழ் வாசகரின் இந்த மனப்போக்கைப் பதிப்பாளர் சரியாகவே கணித்தார். மின்சாரம் பாய்ந்தால் எஃகுக் கை தவிர உடல் முழுதும் மறையும் பிரிட்டிஷ் நாயகனின் ‘ஸ்டீல் கிளா’ என்னும் மூலப்பெயரில் இருப்பது எஃகும் நகமும்தான். தமிழில் அவன் ‘இரும்புக்கை மாயாவி’ ஆனான். இராமாயணத்தில் வாலியோடு பொருத அசுரனின் பெயர் மாயாவி. சோதனைக்கூட விபத்தின் விளைவுக்குப் புராணப் பெயர் கச்சிதமாகப் பொருந்திவிட்டது.

இனித் தமிழ்ச் சொல். இணையத்தில் ‘மீநாயகன்’ என்று எழுதுகிறார்கள். முன்னொட்டு நன்று. மேல் என்னும் பொருளுடைய ‘மீ’, மீக்கடத்தி (சூப்பர் கண்டக்டர்) என அறிவியலுக்கும் மீயியற்கை (சூப்பர்நேச்சுரல்) என அமானுடத்துக்கும் ஒருசேர உதவுவதால், இரண்டும் கலந்த இந்தக் கதைகளுக்கு அதைவிடப் பொருத்தமானது இல்லை. எனக்கு உடன்பாடில்லாதது ‘நாயகன்’. அது நடத்திச் செல்பவனைக் குறிக்கும் சொல். பின்னாளில் திரைப்படம் அதைத் தனதாக்கிக்கொண்டது. படையலோ நடுகல்லோ அதில் இல்லை. ‘வீரன்’ என்பதில் அவை இருக்கின்றன. மதுரை வீரன் என்றதும் கையெடுத்துக் கும்பிடுகிறவர்கள் இன்றும் உண்டு. அதுவும் வடசொல்தானே, ‘மறவன்’ என்றால் என்ன என்று கேட்கலாம். தெற்கே அச்சொல் முதலில் சாதிப்பெயராகவே காதில் விழும். ஆகவே ‘மீவீரர்’ என்பதே என் தெரிவு. ஆணுக்கும் பெண்ணுக்கும் அதுவே போதும், ‘மீவீராங்கனை’ என்று நீட்ட வேண்டியதில்லை. கூட்டமாக வந்தால் ‘மீவீரர் அணி’.

கட்டுரையிலும் நூல் அறிமுகத்திலும் இதை எழுதலாம். படக்கதையின் பேச்சுக் குமிழிக்குள் மட்டும் வேண்டாம்; பாளையங்கோட்டைச் சிறுவன் ஒருவன் வாய்விட்டு, “ஏலே, மீவீரர் வாராருலே” என்று கத்துவதாக எழுதினால் யாரும் நம்பப்போவதில்லை. அங்கே அவன் ‘சூப்பர் ஹீரோ’ என்றே சொல்லட்டும்.