1-0-1: நடுவில் இருக்கும் பூஜ்யம்

காலை இட்லி முடிந்ததும் அம்மா மாத்திரை டப்பாவைத் திறப்பார். தைராய்டு, சுகர், இரும்புச்சத்து, கால்சியம், கால் எரிச்சலுக்கு நரம்பு மாத்திரை, கூடவே ஒரு பி காம்ப்ளெக்ஸ். எல்லாவற்றையும் உள்ளங்கையில் கொட்டி, ஒரே மடக்கில் விழுங்கி, மேலே காபி. பத்து வினாடியில் வேலை முடிந்தது. கேட்டால், "எல்லாம் ஒரே வயித்துக்குள்ளதானே போகுது?" என்பார்.

வயிறு ஒன்றுதான், சரி. ஆனால் மாத்திரை வயிற்றில் கிடந்தால் மட்டும் போதாது. குடல் சுவரைத் தாண்டி ரத்தத்தில் கலக்க வேண்டும். அந்தச் சுவரைத் தாண்டும் வழி மருந்துக்கு மருந்து வேறு. நரம்பு வலிக்குத் தரும் காபாபென்டினை எடுத்துக்கொண்டால் இது நன்றாகப் புரியும்.

உணவில் உள்ள சில அமினோ அமிலங்களைத் தூக்கி உள்ளே விடுவதற்கென்றே குடல் சுவரில் கடத்திப் புரதங்கள் இருக்கின்றன. காபாபென்டினின் உருவமும் ஏறத்தாழ அந்த அமினோ அமிலங்களைப் போலவே இருப்பதால், அதுவும் அதே வழியில் நுழைகிறது. சிறுகுடலின் மேல்பகுதியில்தான் இந்த வேலை நடக்கிறது. கல்யாணப் பந்தியில் இலை இத்தனைதான் என்பதுபோல, கடத்திகளின் எண்ணிக்கைக்கும் ஒரு வரம்பு உண்டு. ஒரு வித்தியாசம், இங்கே இடம் கிடைக்காதவர்களுக்கு அடுத்த பந்தி கிடையாது. குடல் அவர்களைக் கீழே தள்ளிக்கொண்டு போய் வெளியேற்றிவிடும்.

கணக்காகவே பார்க்கலாம். ஒரு நாளைக்கு 900 மில்லிகிராம் காபாபென்டினை மூன்று வேளையாகப் பிரித்துச் சாப்பிட்டால் அதில் சுமார் 60 சதவீதம் ரத்தத்தில் சேருகிறது. அதாவது 540 மில்லிகிராம். அதையே 3600 ஆக்கினால் சேருவது 33 சதவீதம்தான், கிட்டத்தட்ட 1190 மில்லிகிராம். மாத்திரை நாலு மடங்கு கூடியும் உள்ளே போனது இரண்டு மடங்குக்குச் சற்று அதிகம், அவ்வளவே. "காலையில் மறந்துவிட்டேன், ராத்திரி சேர்த்து ரெண்டாகப் போட்டுக்கொண்டேன்" என்பவர்கள் இரண்டு மாத்திரையின் பலனை முழுசாகப் பெறுவதில்லை. தலைசுற்றலும் தூக்கக் கலக்கமும் மட்டும் கூடலாம்.

அமினோ அமிலத்தின் வழி என்றால், பருப்பும் முட்டையும் சாப்பிட்டால் நெரிசலாகிவிடாதா? எனக்கும் இந்தச் சந்தேகம் இருந்தது. புரதம் நிறைந்த உணவோடு கொடுத்துச் சோதித்தபோது அப்படி எதுவும் குறையவில்லை. உண்மையான இடைஞ்சல் வயிற்றெரிச்சலுக்குக் குடிக்கும் ஆன்டாசிட் மருந்துதான். அதிலுள்ள அலுமினியம், மெக்னீசியம் உப்புகள் காபாபென்டின் உள்ளே போகும் அளவை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைத்துவிடுகின்றன. அதனால் ஆன்டாசிட் குடித்து இரண்டு மணி நேரமாவது கழித்துத்தான் காபாபென்டின் போட வேண்டும்.

பிரிகாபலின் இதற்குத் தம்பி மாதிரி. இரண்டுமே நரம்பு முனையில் கால்சியம் நுழையும் வாயிலின் ஒரு பகுதியைப் பிடித்துக்கொள்கின்றன. கால்சியம் குறைவாக நுழைந்தால், வலிச் செய்தியை அடுத்த நரம்புக்குக் கடத்தும் ரசாயனங்களும் குறைவாகவே கசியும். (காபாபென்டின் என்ற பெயரில் 'காபா' இருந்தாலும், மூளையில் நரம்புகளை அமைதிப்படுத்தும் 'காபா' என்ற ரசாயனத்தின் ஏற்பிகளில் அது போய் ஒட்டுவதில்லை. பெயர் வைத்தபோது இருந்த எதிர்பார்ப்பு பெயரிலேயே தங்கிவிட்டது.) ஆனால் தம்பிக்குப் பந்திப் பிரச்சினை இல்லை. அளவு கூடினாலும் 90 சதவீதமோ அதற்கு மேலோ உள்ளே போய்விடும். சாப்பாட்டோடு போட்டால் உச்சத்தை எட்டுவது ஒன்றரை மணியிலிருந்து மூன்று மணி நேரமாகத் தள்ளிப்போகும். மொத்தத்தில் பெரிதாக ஒன்றும் குறையாது.

மருந்துச் சீட்டில் 1-0-1 என்று, அதாவது காலை ஒன்று, மதியம் இல்லை, இரவு ஒன்று என்று எழுதியிருப்பதை இப்போது பார்ப்போம். பிரிகாபலினின் அரை ஆயுள், அதாவது உடம்பில் உள்ள மருந்து பாதியாகக் குறைய ஆகும் நேரம், சுமார் 6 மணி. காலை 8 மணிக்குப் போட்டால் மதியத்துக்கு மேல் பாதி மிச்சமிருக்கும், இரவு 8 மணிவாக்கில் கால்வாசி. ஆக, நடுவில் உள்ள பூஜ்யத்தின்போதும் உடம்பில் மருந்து இருக்கத்தான் செய்கிறது.

அம்மாவின் சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. அவர் ஏழு மணிக்கே ராத்திரிச் சாப்பாட்டை முடித்து, கையோடு நரம்பு மாத்திரையும் போட்டுவிடுவார். அடுத்தது காலை ஒன்பதுக்கு. பகலில் பத்து மணி நேர இடைவெளி, இரவில் பதினாலு. விடியற்காலையில் உள்ளங்கால் எரிகிறது என்று எழுந்து உட்கார்ந்துகொள்வார். பொதுவாகவே நரம்பு வலி பகலைவிட இரவில்தான் அதிகம் படுத்தும். போதாததற்கு, மருந்தும் அந்த நேரத்தில்தான் இறங்கியிருந்தது. மருத்துவரிடம் இந்த நேரக் கணக்கைச் சொன்னதும், ராத்திரி மாத்திரையைப் படுக்கப்போகும் ஒன்பதரை மணிக்கு நகர்த்தச் சொன்னார். அளவு மாறவில்லை.

இந்தக் கணக்கெல்லாம் சிறுநீரகம் ஒழுங்காக இருந்தால்தான். இரண்டு மருந்துகளையும் கல்லீரல் பெரிதாகத் தொடுவதில்லை, சிறுநீரகம்தான் வெளியே அனுப்புகிறது. காபாபென்டினின் அரை ஆயுள் சாதாரணமாக 5 முதல் 7 மணி நேரம். சிறுநீரகம் மிகவும் தளர்ந்தவர்களிடம் அது 52 மணி வரை நீண்டிருக்கிறது. நீண்டநாள் சுகர் நரம்பையும் கெடுக்கும், சிறுநீரகத்தையும் கெடுக்கும் என்பதால், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனை பார்க்காமல் பக்கத்து வீட்டுக்காரரின் 1-1-1ஐ நாமும் பின்பற்றுவது ஆபத்து. அதேபோல இரண்டையும் திடீரென்று நிறுத்தவும் கூடாது. குறைந்தது ஒரு வாரம் படிப்படியாகக் குறைக்க வேண்டும், அதுவும் மருத்துவர் சொல்லி.

நரம்பு வலிக்குத் தரும் இன்னொரு மருந்தான அமிட்ரிப்டிலினைத் தந்திருந்தால் அது ராத்திரிக்குத்தான். தூக்கம் தருவது அதன் பக்கவிளைவு, நரம்பு வலிக்காரருக்கு அதுவே வரமாகவும் அமையும். உடம்பில் நெடுநேரம் தங்குவதால், படுக்கையில் சாய்ந்த பிறகு போட்டால் காலையில் தலை கனக்கும். ஓரிரண்டு மணி நேரம் முன்பே போடுவது தேவலை.

சத்து மாத்திரைகளில்தான் உண்மையான சண்டை நடக்கிறது. கால்சியமும் இரும்பும் தைராய்டு மாத்திரையில் உள்ள தைராக்ஸினைப் பிடித்துக்கொண்டு உள்ளே விடாது. அதனால் தைராய்டு மாத்திரை வெறும் வயிற்றில், மற்ற இரண்டும் நாலு மணி நேரம் தள்ளி. கால்சியம் இரும்பையும் தடுக்கும், காபியும் தடுக்கும். அம்மாவின் அந்த ஒரு மடக்கில் இந்த மூன்று தகராறுகளும் இருந்தன.

பி12க்கு இந்த நேரக் கட்டுப்பாடெல்லாம் தேவையில்லை. சுகருக்குச் சாப்பிடும் மெட்ஃபார்மின் நாளடைவில் பி12ஐக் குறைக்கும், பி12 குறைந்தாலும் கால் மதமதக்கும். அதனால்தான் நரம்பு மாத்திரையிலேயே பி12இன் ஒரு வடிவமான மெத்தில்கோபாலமினையும் சேர்த்துவிடுகிறார்கள். இதற்கும் குடலில் தனி வாசல் உண்டு. ஒரு வேளைக்கு அது விடுவது 2 மைக்ரோகிராமுக்குள்தான். ஆனால் அதையும் மீறி, எந்த வாசலும் இல்லாமல் சுமார் 1 சதவீதம் தானாகக் கசிந்து நுழையும். 1500 மைக்ரோகிராம் மாத்திரையில் அந்த 1 சதவீதமே 15 மைக்ரோகிராம். ஒரு நாள் தேவையோ 2 மைக்ரோகிராம் சொச்சம். காலையோ மாலையோ, எப்போது போட்டாலும் சரி.

அப்புறம் பி6, அதாவது பைரிடாக்ஸின். நரம்புக்கு நல்லது என்று பெயரெடுத்த இது அளவு மிஞ்சினால் நரம்பையே கெடுக்கும். தினம் 2 முதல் 6 கிராம் வரை மாதக்கணக்கில் சாப்பிட்டு, கால் மரத்து, நடை தள்ளாடிய ஏழு பேரைப் பற்றி 1983இல் அமெரிக்க மருத்துவர்கள் எழுதினார்கள். மாத்திரையை நிறுத்தியதும் அவர்கள் தேறத் தொடங்கினார்கள். நம் வீட்டு மாத்திரைகளில் இருப்பது மில்லிகிராம் கணக்குதான். ஆனாலும் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023இல் பெரியவர்களுக்கான மேல்வரம்பை நாளுக்கு 12 மில்லிகிராமாகக் குறைத்திருக்கிறது. அம்மாவின் டப்பாவில் இருந்த அட்டைகளைத் திருப்பிப் பார்த்தேன். மூன்றில் பைரிடாக்ஸின் இருந்தது.