ஆக்டிங் டிரைவர் போட்டு ஓட்ட முடியாதுங்க

போன மாதம் வெள்ளகோவில் பக்கம் எண்ணெய் மில் வைத்திருப்பவர் ஒருவர், மகனையும் லேப்டாப்பையும் கூட்டிக்கொண்டு காங்கேயத்தில் இருக்கும் என் கடைக்கு வந்தார். "பையன் என்னமோ பண்ணிப்போட்டானுங்க. மில்லுக் கணக்கு பூராவும் இதுலதான் கிடக்குது" என்றார். பையன் தலையே நிமிரவில்லை. திரை நீலமாக நின்று 48 இலக்க எண் ஒன்றைக் கேட்டுக்கொண்டிருந்தது.

நடந்தது இதுதான். கல்லூரிப் பாடத்துக்கு, விண்டோஸைப் போலவே கம்ப்யூட்டரை இயக்கும் இன்னொரு மென்பொருளான உபுண்டு வேண்டும். விண்டோஸை விட்டுவிடவும் முடியாது, அதில்தான் டேலி என்ற கணக்கு மென்பொருள் இருக்கிறது. சரி, இரண்டையும் வைத்துக்கொள்ளலாம் என்று பையன் பென் டிரைவ் தயார் செய்து போட்டிருக்கிறான். உபுண்டு பாதியில் நின்று, 'ஆர்எஸ்டியை அணைத்துவிட்டு வா' என்றது. ஆர்எஸ்டி என்பது டிஸ்க்கோடு பேச இன்டெல் வைத்திருக்கும் வழி. ஒரு வீடியோவைப் பார்த்து, லேப்டாப்பின் அடிப்படை அமைப்புகள் இருக்கும் பயாஸுக்குள் போனவன், ஆர்எஸ்டியை ஏஹெச்சிஐ என்ற பொதுவான வழிக்கு மாற்றினான். கூடவே, நம்பகமான மென்பொருளை மட்டும் எழ விடும் செக்யூர் பூட்டையும் அணைத்தான். அதன்பின் விண்டோஸ் கதவைச் சாத்திக்கொண்டது.

நான் செய்தது ஒன்றுமில்லை. அவன் மாற்றிய இரண்டையும் பழையபடி வைத்தேன். விண்டோஸ் எழுந்தது. அப்பா அப்போதுதான் உட்கார்ந்தார். ஆனால் அவன் இன்னும் ஒரு படி தாண்டி, 'டிஸ்க்கை அழித்து நிறுவு' என்பதை அழுத்தியிருந்தால் கதையே வேறு. டிஸ்க் முழுவதும் பிட்லாக்கர் என்ற விண்டோஸின் பூட்டு. பயாஸில் அமைப்பு மாறினால் சாவி கேட்பது அதுதான், அழிந்த கணக்கை மீட்கப் போனாலும் அந்தச் சாவி வேண்டும். அந்த 48 இலக்கச் சாவி பெரும்பாலும் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். லேப்டாப் விற்ற கடைக்காரர் ஏதோ ஒரு மெயில் ஐடியில் கணக்கைத் திறந்து கொடுத்திருக்கிறார். அது யாருடையது என்று அப்பாவுக்கும் தெரியாது, மகனுக்கும் தெரியாது. உங்கள் லேப்டாப்பிலும் இப்படி இருக்கலாம், இன்றைக்கே பாருங்கள்.

டிரைவர் விஷயத்துக்கு வருகிறேன். கம்ப்யூட்டரின் ஒவ்வொரு பாகத்தோடும் விண்டோஸ் பேச உதவும் சிறு மென்பொருள்தான் டிரைவர். "டிரைவர் இல்லைன்னா ஒரு ஆக்டிங் டிரைவர் போட்டு ஓட்டுங்க" என்று ஒரு வாடிக்கையாளர் சிரித்தபடி சொன்னார். தெரியாமல் சொன்னாலும் சரியாகத்தான் சொன்னார். கிராபிக்ஸ் கார்டுக்கு உரிய டிரைவர் கிடைக்காதபோது விண்டோஸ் பொதுவான ஒரு டிரைவரைப் போட்டு ஓட்டும். படம் தெரியும், வேகம் இருக்காது. திரைக்கு அது போதும். டிஸ்க்குக்கு அப்படி ஆக்டிங் கிடையாது. ஆர்எஸ்டி வழியாக டிஸ்க்கோடு பேசிப் பழகிய விண்டோஸிடம் திடீரென்று வழியை மாற்றினால், புது வழிக்கான டிரைவரை எழும்போதே ஏற்றிக்கொள்ள அதற்குத் தெரியாது. 11-ஆம் தலைமுறை இன்டெல் லேப்டாப்கள் பலவற்றில் இதே சங்கதி விஎம்டி என்ற பெயரில் இருக்கிறது. அவற்றில் விண்டோஸையே புதிதாகப் போடப் போனாலும் 'டிஸ்க் எதுவும் இல்லை' என்று வரும். டிஸ்க் கெட்டுவிட்டது என்று புதிது வாங்கியவர்களும் உண்டு.

அந்தப் பையனுக்கு அன்று மாலையே உபுண்டு போட்டுக் கொடுத்தேன். வேலையில் பாதி, போடுவதற்கு முன்பே முடிந்தது. மில்லுக் கணக்கை வெளி டிஸ்க்கில் இரண்டு பிரதி எடுத்தோம். பிட்லாக்கரை விண்டோஸுக்குள்ளிருந்தே அணைத்தோம். ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பையும் அணைத்தோம். அது இருந்தால் விண்டோஸ் முழுதாக மூடாமல் அரைத் தூக்கத்தில் கிடக்கும், உபுண்டுவிலிருந்து அந்த டிரைவில் எழுத முடியாது. பிறகு விண்டோஸை அடுத்த முறை, அடிப்படை டிரைவர்களோடு மட்டும் ஓடும் சேஃப் மோடில் எழும்படி வைத்துவிட்டு, ஏஹெச்சிஐக்கு மாற்றினேன். சேஃப் மோடில் அது புது டிரைவரைப் பிடித்துக்கொண்டது. அவன் விட்டது பிட்லாக்கரை அணைப்பதையும் இந்தப் படியையும்தான். உபுண்டுவுக்கு வேண்டிய இடத்தையும் விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்டிலேயே சுருக்கி எடுத்தேன். கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாத ஊரில், பேட்டரி நிறைய இல்லாமல் டிஸ்க்கைப் பிரிக்கும் பார்ட்டிஷனில் கை வைக்க மாட்டேன்.

இன்னொன்று, உபுண்டுவை நிறுவாமலே பென் டிரைவிலிருந்து ஓட்டிப் பார்க்கலாம். வைஃபை பிடிக்கிறதா, சத்தம் வருகிறதா, டச்பேட் நகர்கிறதா என்று பாருங்கள். வைஃபை பிடிக்காவிட்டால் போனை யுஎஸ்பியில் மாட்டி அதன் இணையத்தில் டிரைவரை இறக்கிக்கொள்ளலாம். பிரிண்டர், ஜிஎஸ்டி கையெழுத்து டோக்கன் எல்லாவற்றையும் செருகிப் பாருங்கள். லேப்டாப்பை மட்டும் தூக்கிக்கொண்டு கடைக்கு வருபவர்கள், வீட்டுக்குப் போனபின் "பிரிண்டர் வரலைங்க" என்று போன் செய்வது வாடிக்கை.

சிலருக்கு வேண்டாம் என்றே சொல்லி அனுப்புகிறேன். திருப்பூரில் எம்ப்ராய்டரி யூனிட் வைத்திருப்பவர், புது கம்ப்யூட்டரில் விண்டோஸ் 7-ஐ இரண்டாவதாகப் போடச் சொன்னார். பழைய டிசைன் மென்பொருளின் டாங்கிளுக்கு, அதாவது செருகினால்தான் மென்பொருள் ஓடும் உரிமச் சாவிக்கு, 32 பிட் டிரைவர் மட்டும்தான் இருக்கிறது, அது 64 பிட் விண்டோஸில் ஏறாது. புது போர்டிலோ விண்டோஸ் 7 நிறுவும் திரையிலேயே கீபோர்டும் மவுஸும் செத்துக் கிடக்கும். யுஎஸ்பி 3-க்கான டிரைவர் விண்டோஸ் 7-இன் நிறுவல் டிஸ்க்கில் இல்லை. என்விஎம்இ என்ற புது வகை டிஸ்க்கும் அதன் கண்ணுக்குத் தெரியாது. அதையெல்லாம் சுற்றி வளைத்துச் செய்தாலும் கிராபிக்ஸில் வந்து நிற்கும். 2020 ஜனவரியிலேயே ஆதரவு நின்றுபோன விண்டோஸ் அது. பழைய கம்ப்யூட்டரையே தூசி தட்டி, ஹார்ட் டிஸ்க்கை அப்படியே நகல் எடுத்து வைத்து, இணையத்தைப் பிடுங்கிவிட்டு மெஷின் பக்கத்தில் வைக்கச் சொன்னேன். அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கும் ஆதரவு முடிந்ததால், விண்டோஸ் 11 ஏறாத பழைய லேப்டாப்களோடு வருபவர்கள் கூடியிருக்கிறார்கள். அவற்றில் உபுண்டு பெரும்பாலும் சண்டை போடாமல் உட்கார்ந்துகொள்கிறது. தகராறு செய்வது சில வைஃபை சிப்களும் தனி கிராபிக்ஸ் கார்டுகளும்தான்.

ஒரு வாரம் கழித்து அந்தப் பையனிடமிருந்து போன். "அண்ணா, உபுண்டு பார்த்துட்டு விண்டோஸுக்கு வந்தா மணி அஞ்சரை மணி நேரம் பின்னாடி காட்டுதுங்கண்ணா. அப்பா காலைல பில் போட்டா முந்தின நாள் தேதி விழுகுது."

எண்ணெய் மில் விடியுமுன்பே ஓடும் என்பதை மறந்துவிட்டேன். உபுண்டு உலகப் பொது நேரத்தை கடிகாரத்தில் எழுதி வைக்கிறது, விண்டோஸ் அதை நம் ஊர் நேரமென்று படிக்கிறது. அந்த வித்தியாசம்தான் ஐந்தரை மணி. ஊர் நேரத்தையே எழுதச் சொல்லும் ஒரு வரிக் கட்டளையை உபுண்டுவில் அடிக்க வைத்தேன். கடிகாரம் சரியாகிவிட்டது. முந்தின நாள் தேதியில் விழுந்த மூன்று பில்லை மட்டும் அப்பா உட்கார்ந்து திருத்தினாராம்.