கடல்நீர்த் தொட்டியில் மேய்ச்சல்: பாசி தின்னும் உயிர்கள் என்ன செய்கின்றன, எதைச் செய்வதில்லை

1983-ஆம் ஆண்டு ஜனவரியில், பனாமா கால்வாய் கரீபியன் கடலைத் தொடும் இடத்தருகே, நீண்ட கரிய முட்களைக் கொண்ட டயடெமா என்னும் கடல் முள்ளெலிகள் கூட்டம் கூட்டமாக மடியத் தொடங்கின. ஏறத்தாழ ஓராண்டுக்குள் அந்த நோய் கரீபியன் கடல் முழுவதும் பரவி, அந்த இனத்தில் 90 விழுக்காட்டுக்கும் மேலானவற்றை அழித்துவிட்டது. அதன் விளைவு ஜமைக்காவின் பவளத்திட்டுகளில் அளந்து பதிவு செய்யப்பட்டிருக்கிறது. 1977-இல் பாறைப் பரப்பில் சுமார் 52 விழுக்காட்டை மூடியிருந்த உயிருள்ள பவளம் 1990-களின் தொடக்கத்தில் 3 விழுக்காடாகச் சுருங்கியது. 4 விழுக்காடாக இருந்த பாசி 92 விழுக்காடாகப் பெருகியது. இடையில் 1980-இல் வீசிய ஆலன் புயல் பவளங்களை நொறுக்கியதற்கும், அதற்கு வெகுகாலம் முன்பே பாசி தின்னும் மீன்கள் அளவுக்கு மீறிப் பிடிக்கப்பட்டதற்கும் இந்தச் சரிவில் பங்குண்டு. ஆயினும் மீன்கள் அருகிய பிறகும் பாசியைக் குட்டையாக வைத்திருந்தவை அந்த முள்ளெலிகள்தாம். அவையும் போனபின் மேய்வதற்கு ஆளில்லை.

வெப்பமண்டலப் பவளத்திட்டு தூய்மையாகத் தோன்றுவது அங்கே பாசி முளைக்காததால் அன்று. வெயிலும் வெதுவெதுப்பும் நிறைந்த அந்த ஆழமற்ற நீரில் பாசி இடைவிடாது முளைக்கிறது. முளைத்த வேகத்திலேயே மேயப்படுகிறது. வீட்டில் கடல்நீர் மீன்தொட்டி அமைப்பவர் விளக்கையும் வெப்பத்தையும் உப்பையும் திட்டிலிருந்து அப்படியே எடுத்துக்கொண்டு, மேய்ப்பைமட்டும் விட்டுவிடும்போது, சில வாரங்களிலேயே ஒரு சிறிய ஜமைக்காவைக் கண்ணாடிக்குள் உருவாக்கிவிடுகிறார்.

புதிய தொட்டியில் பெரும்பாலும் முதலில் வருவது டயாட்டம் என்னும் பழுப்புப் படலம். நீரிலுள்ள சிலிக்காவைக் கொண்டு கூடு கட்டும் இந்த நுண்ணுயிர்கள் விரலால் தடவினாலே கலைந்துவிடும். சிலிக்கா குறையக் குறைய அவையும் பெரும்பாலும் தாமே குறையும். அதன் பின் கண்ணாடியில் பச்சைப் படலமும், பாறையில் முடிபோல் நீளும் முடிப்பாசியும், இறகு வடிவ பிரையாப்சிஸும், பச்சைக் கண்ணாடிக் குண்டு போன்ற வலோனியா என்னும் குமிழ்ப்பாசியும் இடம்பிடிக்கின்றன. நாம் எல்லாவற்றையும் பாசி என்ற ஒரே சொல்லால் அழைத்துவிடுகிறோம். தின்னும் வாய்க்கோ இவை ஒவ்வொன்றும் வெவ்வேறு உணவு. ஒரு நத்தையை வாங்கி விட்டால் தொட்டி தெளிந்துவிடும் என்ற எதிர்பார்ப்பு பொய்த்துப்போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

இரவில் விளக்கு அணைந்தபின் ஒரு டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து, கண்ணாடியில் ஊரும் டர்போ நத்தையை வெளிப்புறமிருந்து பார்த்தால் அதன் வாய் வேலை செய்வதைத் தெளிவாகக் காணலாம். உதடுகள் விரிகின்றன, உள்ளிருந்து ஒரு பட்டை வெளியே வந்து கண்ணாடியை ஒருமுறை வழித்து, படலத்தைச் சுருட்டிக்கொண்டு உள்ளே செல்கிறது, உதடுகள் மூடுகின்றன. தலை சற்றே ஒருபுறம் சாய்ந்து மீண்டும் அதே செயல். நத்தை கடந்த பாதையில், பச்சைப் படலத்தின் நடுவே, தையல் போட்டாற்போல வளைந்து வளைந்து செல்லும் தெளிந்த தடம் எஞ்சுகிறது. ராடுலா எனப்படும் அந்தப் பட்டையில் நுண்ணிய பற்கள் வரிசை வரிசையாக அமைந்திருக்கின்றன. முன்வரிசை தேய்ந்து உதிர, பின்னாலிருந்து புதிய வரிசை நகர்ந்து வருகிறது. நத்தைக்கு உறவான கைட்டான் இன்னும் ஒரு படி மேலே போய், தன் பற்களை மேக்னடைட் என்னும் காந்த இரும்புத் தாதுவால் உறையிட்டுக்கொள்கிறது. ஓர் உயிரினம் தன் உடலில் காந்தத் தாதுவை உருவாக்குகிறது என்பதை ஹைன்ஸ் லோவன்ஸ்டாம் என்னும் அறிவியலாளர் 1962-இல் கண்டறிந்தது இந்தப் பற்களில்தான்.

ராடுலா ஓர் அரம். அரத்தால் மேற்பரப்பை ராவலாம். நீண்ட கூந்தலை அறுக்க முடியாது. ஆகவே டர்போ, ட்ரோகஸ், அஸ்ட்ரியா போன்ற நத்தைகள் படலத்தையும் இளம் முளைகளையும் நன்றாகத் தின்னும். இரண்டு மூன்று அங்குலம் வளர்ந்து முறுக்கேறிய முடிப்பாசியை மிகப்பலவும் சுற்றிக்கொண்டு போய்விடும். நத்தைகளுக்குள் தேர்வு செய்ய வேண்டுமென்றால் நான் ட்ரோகஸையே சொல்வேன். அஸ்ட்ரியா மணலில் மல்லாந்து விழுந்தால் பெரும்பாலும் தானாகத் திரும்ப இயலாமல் அங்கேயே மடியும். ட்ரோகஸ் தன் பாதத்தை நீட்டிப் புரண்டு எழுந்துவிடும். கடையில் மலிவாகக் கிடைக்கும் சில நத்தைகள் குளிர்கடலைச் சேர்ந்தவை என்பதையும் கவனிக்க வேண்டும்; 27 அல்லது 28 பாகை வெப்பமுள்ள தொட்டியில் அவை நெடுநாள் வாழ்வதில்லை.

கடல் முள்ளெலியின் வாய் முற்றிலும் வேறொரு கருவி. ஐந்து பற்கள் ஒரு மையத்தில் கூடும் அந்தத் தாடையமைப்பை அரிஸ்டாட்டில் விளக்குக் கூட்டுக்கு ஒப்பிட்டதாகக் கொண்டு, அதற்கு அரிஸ்டாட்டிலின் விளக்கு என்றே பெயர் நிலைத்துவிட்டது. பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்கின்றன. நுனி தேயும்போது குறித்த கோடுகளில் பிளந்து உதிர்வதால் தாமே கூர்மையாகிக்கொள்கின்றன. இந்த வாய் பாசியைப் பாறையின் மேல்தோலோடு சேர்த்துச் சுரண்டி எடுக்கும் என்பதால், முடிப்பாசி வேரூன்றிய பிடிப்பையும் அது விடுவதில்லை. அதே காரணத்தால், நாம் விரும்பி வளர்க்கும் இளஞ்சிவப்புச் சுண்ணப்பாசியும் அதற்கு இரையாகும். சரியாக ஒட்டாத பவளத் துண்டுகளையும் இடறிக் கீழே தள்ளிவிடும்.

மீன்களில் செப்ராசோமா இனத்துச் சர்ஜன் மீன்கள், மஞ்சள் டேங் உட்பட, நீண்ட மூக்கால் பாறை இடுக்கிலிருந்து இழைப்பாசியைக் கடித்து இழுப்பவை. அவற்றின் உறவான டினோகீட்டஸ் மீன்களுக்கோ சீப்புப் போன்ற மெல்லிய, அசையும் பற்கள்; அவை பாறையில் படியும் வண்டலையும் நுண்பாசியையும் வாரித் தின்னும், இழையைக் கடிக்காது. லான்மோவர் பிளென்னி என்று விற்கப்படும் சலாரியஸ் மீனும் இப்படி வாரித் தின்பதே. புல்வெட்டி என்ற அந்தப் பெயரை நம்பி நீண்ட முடிப்பாசிக்கு அதை வாங்குவது பொருந்தாது. நீண்ட இழையைக் கட்டுக்கட்டாகத் தின்று தீர்ப்பதில் நத்தைக்கு உறவான, டோலபெல்லா என்னும் கடல் முயலுக்கு இணையில்லை.

பிரையாப்சிஸின் கதை சற்றுச் சிக்கலானது. அந்தப் பாசிக்குள் குடியிருக்கும் ஒரு பாக்டீரியம் கஹலாலைட் என்னும் நச்சுப் பொருளைத் தயாரித்துக் கொடுப்பதால் பெரும்பாலான மீன்கள் அதைத் தொடுவதில்லை. எலிசியா ருஃபெசென்ஸ் என்னும் சிறு கடல் நத்தைப்புழு மட்டும் ஒற்றை வரிசைப் பற்களால் பாசியின் உயிரணுவைத் துளைத்துச் சாற்றை உறிஞ்சி, அந்த நச்சையும் தன் உடலில் சேர்த்துவைத்துத் தனக்கே கவசமாக்கிக்கொள்கிறது. குமிழ்ப்பாசிக்குப் பரிந்துரைக்கப்படுவது எமரால்டு நண்டு. நண்டு எதையும் தின்னும் உயிரினம். மீன் தீனி தாராளமாக விழும் தொட்டியில் அது குமிழைத் திரும்பிப் பார்க்காமலும் போகலாம். செந்நிறச் சளிபோல் மணலை மூடும் சயனோபாக்டீரியாவும், குமிழ் கோத்த பழுப்பு நூலாகத் தொங்கும் டைனோஃபிளாஜெல்லேட்டும் மேய்ச்சலுக்கு உரிய இந்தப் பாசிகளின் பட்டியலிலேயே சேரா. பின்னதில் சில வகைகள் நச்சுடையவை. மேய வந்த நத்தைகள் அவற்றால் மடிவதுண்டு. ஆகவே நத்தைகள் ஒன்றன்பின் ஒன்றாக இறக்கும் தொட்டியில் மேலும் நத்தைகளைக் கொண்டுபோய் விடுவது தவறு.

தின்ற பாசி எங்கே போகிறது என்ற கேள்விதான் இந்த முறையின் நடுநாயகம். 200 லிட்டர் தொட்டிக்கு ஒரு நாளைக்கு 1 கிராம் உலர்தீனி போடுவதாகவும், அதில் 1 விழுக்காடு பாஸ்பரஸ் இருப்பதாகவும் கொள்வோம். அது 10 மில்லிகிராம் பாஸ்பரஸ்; பாஸ்பேட்டாகக் கணக்கிட்டால் சுமார் 30 மில்லிகிராம். முழுவதும் கரைந்தால், ஒரே நாளில் லிட்டருக்கு 0.15 மில்லிகிராம் கூடும். பவளத்திட்டுகளைச் சூழ்ந்த தெளிந்த கடல்நீரில் பாஸ்பேட் பெரும்பாலும் லிட்டருக்கு 0.03 மில்லிகிராமுக்கும் கீழேதான் இருக்கும். மீன் தின்றது போக மீதமும், மீனின் கழிவும், செவுள் வழியே வெளியேறும் அம்மோனியாவும் பாசிக்கு உரமாகின்றன. அந்தப் பாசியை நத்தை தின்றால், ஒரு சிறு பங்கு நத்தையின் சதையாகிறது. எஞ்சியது கழிவாகவும் அம்மோனியாவாகவும் அதே நீருக்குத் திரும்புகிறது. உரம் தொட்டியை விட்டு வெளியேறவே இல்லை, வடிவம்தான் மாறியது.

அப்படியானால் மேய்ச்சலால் பயனில்லையா என்றால், பெரும் பயன் உண்டு. பாறையில் இழை இழையாகப் பிடிவாதமாக ஒட்டியிருந்த ஒன்றை, நீரோட்டத்தில் மிதந்து வடிகட்டிக்குப் போகக்கூடிய சிறு துகளாக மேயும் உயிர் மாற்றிக் கொடுக்கிறது. அந்தத் துகளை வெளியேற்றுவது நம் கையில் இருக்கிறது: வடிபஞ்சைச் சில நாட்களுக்கொருமுறை கழுவுவது, கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் புரோட்டின் ஸ்கிம்மரின் கோப்பையை நிரம்பவிடாமல் கொட்டுவது, மணலை உறிஞ்சி நீரை மாற்றுவது. ஸ்மித்சோனியன் நிறுவனத்தில் பவளத்திட்டுத் தொட்டியை உருவாக்கிய வால்டர் ஏடி இதை வேறு கோணத்தில் அணுகினார். பாசியை வேண்டுமென்றே ஒரு வலைத்தட்டில், கடும் வெளிச்சத்தில், அலைநீர் பாயும்படி வளர்த்து, தட்டைக் கழற்றிச் சுரண்டி எறிவது அவர் முறை. அங்கே பாசி உண்டு வளர்ந்த உரமும் பாசியோடு வெளியே போய்விடுகிறது. துணைத்தொட்டியில் கீட்டோமார்ஃபா என்னும் சிக்குப் பாசியை வளர்த்துக் கைப்பிடி கைப்பிடியாக அள்ளி எறிபவர்கள் செய்வதும் அதையே.

மேயும் உயிரை எப்போது விட வேண்டும் என்பதற்கு ஹவாயின் கனியோஹே விரிகுடா நல்ல பாடம். 1970-களில் வளர்ப்புக்காகக் கொண்டுவரப்பட்ட காப்பாஃபைகஸ் கடற்பாசி அங்கே பவளத்தின்மேல் படர்ந்து மூச்சை அடைத்தது. மன்னார் வளைகுடாவில் குருசடைத் தீவுப் பவளங்களின்மேல் ஏறியதும் இதே பாசிதான். ஹவாயில் முதலில் முக்குளிப்போர் படகிலிருந்து இயங்கும் உறிஞ்சு குழாயால் பாசியை வாரி அகற்றினர். அதன் பிறகே, குஞ்சுபொரிப்பகத்தில் வளர்த்த ட்ரிப்னூஸ்டஸ் என்னும் உள்நாட்டு முள்ளெலிகளை 2011 முதல் அந்த இடங்களில் விட்டு, மறுமுளைப்பை மேயச் செய்தனர். தொட்டியிலும் ஒழுங்கு இதுவே. நீண்ட பாசியைக் கையால் பிடுங்கி, பாறையைத் தனிவாளியில் பல்துலக்கியால் தேய்த்து, உதிர்ந்ததை வெளியே கொட்டிவிட்டு, மறுநாள் முளைக்கும் மென்மையான துளிருக்கு நத்தையை விட வேண்டும். முழங்கால் உயரக் காட்டை ஆட்டுக்குட்டியிடம் ஒப்படைப்பதில் பொருளில்லை.

விடும் முறையிலும் பொறுமை தேவை. நத்தைக்கும் முள்ளெலிக்கும் மீனைப்போல உடலின் உப்பளவைத் தனியே காத்துக்கொள்ளும் ஆற்றல் இல்லை. வெளிநீரின் உப்பே அவற்றின் உள்நீரின் உப்பு. பையிலுள்ள நீருக்கும் தொட்டி நீருக்கும் வேறுபாடு இருந்தால், சொட்டுச் சொட்டாக ஒரு மணி நேரமாவது கலந்து பழக்க வேண்டும். மீனின் நோய்க்குச் செம்பு கலந்த மருந்து போடும் தொட்டியில் இவற்றை விடவே கூடாது. மீன் தாங்கும் செம்பளவு முதுகெலும்பற்ற இவற்றைக் கொன்றுவிடும்.

நூறு நத்தைகளை ஒரே நாளில் இறக்குவதும் எனக்கு உடன்பாடில்லாத செயல். பாசி இரண்டு வாரத்தில் தீரும். பின் அவை பட்டினி கிடந்து இறந்து, பாறை மறைவில் அழுகி, தின்ற உரத்தையெல்லாம் ஒரே தவணையில் திருப்பிக் கொடுக்கும். சிலவற்றில் தொடங்கி, கண்ணாடியைப் பார்த்துக் கூட்டுவதே முறை. பிளென்னியின் வயிறு உள்வாங்கியிருந்தாலோ, கடல் முயல் வெறும் கண்ணாடியில் நாள் முழுதும் அலைந்தாலோ, அவை பசித்திருக்கின்றன என்று பொருள். அன்றிரவே உப்பும் மசாலாவும் சேர்க்காத உலர்ந்த நோரி கடற்பாசித் தாளில் உள்ளங்கை அகலத் துண்டைக் கிளிப்பில் மாட்டி, நீரோட்டம் குறைந்த மூலையில், பாறையை ஒட்டிக் கட்டிவிட வேண்டும். பிளென்னி அதைத் தொடாவிட்டால், கண்ணாடியின் பின்பக்கத்தைச் சில வாரங்கள் துடைக்காமல் அதற்கென விட்டுவைக்கலாம்.