வீட்டை ஒழிக்கும் முன் மதிப்பீட்டாளரைக் கூப்பிடுங்கள்

"அப்பா தவறி ஒரு மாதம் ஆகிறது. வீட்டை முக்கால்வாசி ஒழித்துவிட்டோம். மிச்சம் இருக்கும் சாமான்களுக்கு வந்து மதிப்புப் போட்டுத் தர முடியுமா?" எனக்கு வரும் அழைப்புகள் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். போய்விட்ட அந்த முக்கால்வாசியில் என்னென்ன இருந்ததோ என்று மனசு அடித்துக்கொள்ளும்.

ஒரு வீட்டில் நான் வருகிறேன் என்பதற்காகவே பழைய வெண்கலச் சிலையைத் தேய்த்துப் பளபளவென்று வைத்திருந்தார்கள். காலங்காலமாகப் படிந்த கரும்பழுப்பு நிறம் ஆடை மடிப்புகளுக்குள் மட்டும் கோடு கோடாக மிஞ்சியிருந்தது. சேகரிப்பவர்கள் காசு கொடுப்பது அந்த நிறத்துக்குத்தான். "ரெண்டு நாள் உட்கார்ந்து தேய்த்தேனே" என்றார் மகள். அவருக்குப் பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பழைய மரச்சாமான்களுக்குப் புதுசாக பாலிஷ் போடுவதும் இதே கதைதான். தூசியோடு இருக்கட்டும், விடுங்கள்.

காகிதங்களையும் தூக்கிப் போடாதீர்கள். வாங்கிய ரசீது, பழைய கடிதம், ஓவியம் சுவரில் தொங்குவது தெரிகிற ஒரு புகைப்படம் எல்லாமே அந்தப் பொருள் யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்பதற்குச் சாட்சி.

சரி, யாரைக் கூப்பிடுவது? மதிப்புப் போட்ட கையோடு "நானே எடுத்துக்கொள்கிறேன்" என்பவர் வேண்டாம். விலையைக் குறைத்துச் சொன்னால் லாபம் அவருக்குத்தானே? மொத்த மதிப்பில் இத்தனை சதவீதம் என்று கூலி கேட்பவரும் வேண்டாம், அவருக்குக் கூட்டிச் சொல்லத்தான் தோன்றும். மணிக் கணக்கிலோ மொத்தமாகவோ ஒரு தொகையை முன்கூட்டியே எழுத்தில் பேசிக்கொள்ளுங்கள். எல்லாம் தெரிந்தவர் என்று யாரும் கிடையாது. நகை, ஓவியம், அரிய நூல்கள் என்று வந்தால் நானே அந்தந்தத் துறை ஆளைத்தான் கூப்பிடுவேன்.

நல்ல மதிப்பீட்டாளர் முதலில் கேட்பது, "எதற்காக மதிப்பு?" என்றுதான். காப்பீட்டுக்கு என்றால் அதே மாதிரி இன்னொன்று வாங்க ஆகும் செலவு. பாகப்பிரிவினைக்கோ வரிக்கோ என்றால், அவசரமில்லாத விற்பவரும் வாங்குபவரும் சந்தையில் ஒத்துக்கொள்ளும் விலை. அதுவும் பெரும்பாலும் இறந்த தேதியின் நிலவரப்படி. உடனே விற்றாக வேண்டும் என்றால் அதைவிடக் குறையும். ஒரே மோதிரத்துக்கு மூன்று தொகைகள்! காப்பீட்டுக்குப் போட்ட பழைய சான்றிதழைக் காட்டி அண்ணன் தம்பிகள் சண்டை போட்டதை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

அப்புறம், வருபவர் பொருளைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்க்கிறாரா என்று கவனியுங்கள். தேநீர்க் கெண்டியின் அடியில் 925 என்றிருந்தால் ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி. ஈபிஎன்எஸ் என்றிருந்தால் வெறும் வெள்ளி முலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். அறிக்கையில் ஒவ்வொரு பொருளின் படம், அளவு, நிலை, மதிப்பிட்ட தேதி, நோக்கம், அவருடைய கையெழுத்து எல்லாம் இருக்க வேண்டும்.

அவர் வரும்வரை அறை அறையாக, இழுப்பறைகளைத் திறந்து வைத்துப் படம் எடுத்துவிட்டு, வீட்டைப் பூட்டிச் சாவியை ஒருவரிடம் மட்டும் கொடுத்து வையுங்கள்.