ஃபாலோயர் எண்ணிக்கையை வைத்து அரசியல் செல்வாக்கை முடிவு செய்யாதீர்கள்

"அவருக்கு எத்தனை லட்சம் ஃபாலோயர் தெரியுமா?" தேர்தல் நெருங்கிவிட்டால் இந்தக் கேள்வி என் காதில் விழாத நாளே கிடையாது. சமூக ஊடகத் தரவுகளை அலசிச் சொல்வது என் தொழில். சீட் கேட்டு நிற்பவர் அந்த எண்ணைச் சொல்லித்தான் பேச்சைத் தொடங்குகிறார், அவரைப் பற்றி எழுதுகிற நிருபரும் அதையேதான் முதல் பத்தியில் போடுகிறார். ஆனால் ஒருவர் சொன்னதைக் கேட்டு யாராவது மனதை மாற்றிக்கொண்டார்களா, நாலு பேரிடம் எடுத்துச் சொன்னார்களா என்பதைப் பற்றி அந்த எண் எதுவுமே சொல்வதில்லை.

இது புதிய கண்டுபிடிப்பும் இல்லை. மியோங் சா என்ற ஆய்வாளரின் குழு 2010-இலேயே ட்விட்டரில் (இப்போது எக்ஸ்) 5 கோடிக்கும் அதிகமான கணக்குகளை எடுத்துப் பார்த்தது. நிறைய ஃபாலோயர் உள்ளவர்கள் பட்டியலும், யாருடைய பதிவுகள் அதிகம் மறுபகிர்வு ஆகின்றன என்ற பட்டியலும் பெரும்பாலும் ஒத்துப்போகவில்லை. அப்புறம் 2018 ஜூலையில் சந்தேகத்துக்குரிய, முடக்கப்பட்ட கணக்குகளை ஃபாலோயர் எண்ணிக்கையிலிருந்து ட்விட்டர் நிறுவனமே கழித்தது. மோடிக்குச் சுமார் 3 லட்சம் குறைந்தது, ஒபாமாவுக்கு 20 லட்சத்துக்கும் மேல். அன்று காலை இருந்த அரசியல் பலம் மாலையில் இருவருக்கும் அப்படியேதான் இருந்தது.

நம் ஊரிலேயே பாருங்கள். கமல்ஹாசனுக்கு ட்விட்டரில் பல லட்சம் ஃபாலோயர்கள். 2021 சட்டமன்றத் தேர்தலில் மக்கள் நீதி மய்யம் 3 சதவீத ஓட்டைத் தொடவில்லை, கோவை தெற்கில் அவரே 1,728 ஓட்டில் தோற்றார். அதே தேர்தலில் நாம் தமிழர் கட்சி ஒரு இடத்திலும் ஜெயிக்கவில்லை என்றாலும் 6 சதவீதத்துக்கு மேல் வாங்கியது, 2024 நாடாளுமன்றத் தேர்தலில் 8 சதவீதத்தைத் தாண்டியது. சீமான் பேச்சு அவர் கணக்கு வழியாக மட்டும் போகவில்லை. யார் யாரோ அதைத் துண்டு துண்டாக வெட்டித் தங்கள் யூடியூப் சேனலிலும் ஸ்டேட்டஸிலும் போட்டார்கள். அந்த ஓட்டு யூடியூபால் மட்டுமே வந்தது என்று நான் சொல்லமாட்டேன், களத்தில் உழைத்த கட்சிக்காரர்கள் இருக்கிறார்கள். ஆனால் ஒருவர் பேச்சை மற்றவர்கள் கூலி வாங்காமல் சுமந்துகொண்டு போகிறார்களா என்பதுதான் நான் முதலில் தேடுகிற விஷயம், அது எந்த ஃபாலோயர் கணக்கிலும் வராது.

சரி, ஃபாலோயர் வேண்டாம், யார் பெயர் அதிகம் அடிபடுகிறது என்று எண்ணிப் பார்க்கலாமே என்பார்கள். ஜெர்மனியில் அதைத்தான் செய்தார்கள். 2009 தேர்தலில் ட்விட்டரில் கட்சிகளின் பெயர் எத்தனை முறை வந்ததோ ஏறக்குறைய அதே விகிதத்தில்தான் ஓட்டும் விழுந்தது என்று ஒரு ஆய்வு வெளிவந்தது, எல்லோரும் உற்சாகமானார்கள். பிறகு வேறொரு குழு அதை மறுபடி பார்த்தபோது பைரேட் கட்சி என்ற சிறிய கட்சி அந்தக் கணக்கில் சேர்க்கப்படவே இல்லை என்பது தெரிந்தது. சேர்த்திருந்தால் ட்விட்டர் கணக்குப்படி அந்தத் தேர்தலில் முதலிடம் அதற்குத்தான். உண்மையில் அது வாங்கியது 2 சதவீதம். இணையத்தில் ஓயாமல் பேசுகிறவர்கள் ஒரு கூட்டம், ஓட்டுச்சாவடிக்குப் போகிறவர்கள் வேறொரு கூட்டம், இரண்டும் கொஞ்சம்தான் ஒட்டிக்கொள்ளும்.

ஹேஷ்டேக் ட்ரெண்டிங்கும் அப்படித்தான். 2019 பிப்ரவரியில் பிரதமர் திருப்பூர் வந்தபோது 'கோ பேக் மோடி'யும் 'டிஎன் வெல்கம்ஸ் மோடி'யும் மோதிக்கொண்டது நினைவிருக்கும். அட்லாண்டிக் கவுன்சில் என்ற அமெரிக்க ஆய்வு அமைப்பின் டிஜிட்டல் தடயவியல் ஆய்வகம் இரண்டையும் பிரித்துப் பார்த்தது. இரண்டிலுமே சிறு குழுக்கள் ஊதிப் பெருக்கிய அடையாளம் இருந்தது, வரவேற்பு ஹேஷ்டேகில் அது மிக அதிகம். அவர்கள் கையாண்ட முறை எளிமையானது, நானும் தினமும் அதைத்தான் செய்கிறேன்: ஒரு ஆளுக்குச் சராசரியாக எத்தனை பதிவு, அதில் சொந்தமாக எழுதியது எவ்வளவு, வெறும் மறுபகிர்வு எவ்வளவு, மிக அதிகம் பதிவிட்ட 50 கணக்குகளிடமிருந்து மொத்தத்தில் எத்தனை பங்கு வந்தது. அந்த 50 பேரின் பங்கு பெரிதாக இருந்தால் அது மக்கள் குரல் இல்லை, ஐடி விங்கின் உழைப்பு. ஒரு விஷயத்தை இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். ஊதப்பட்ட ஹேஷ்டேகுக்குக் கீழே உண்மையான கோபமும் இருக்கலாம். 2018 ஏப்ரலில் காவிரிப் பிரச்சினை கொதித்துக்கொண்டிருந்தபோது பிரதமர் வந்த அன்று சென்னையில் கறுப்புக் கொடியும் கறுப்பு பலூனும் தெருவிலேயே பறந்தன. அதனால் திரையைப் பார்த்துவிட்டுத் தெருவையும் பார்க்காமல் நான் எதையும் எழுதிக்கொடுப்பதில்லை.

எனக்கு மிகவும் நம்பகமாகத் தெரிகிற அளவுகோல், ஒரு பதிவு தன் முகாமைத் தாண்டிப் போகிறதா என்பது. திமுககாரர் எழுதியதைத் திமுககாரர்கள் ஆயிரம் பேர் பகிர்ந்தால் அதில் எனக்குப் பெரிய செய்தி ஒன்றும் இல்லை, அதிமுகவுக்கும் அதே கதைதான். அரசியலே பேசாத ஒரு சமையல் பக்கமோ, ஊர்க் குரூப்போ, பெட்ரோல் விலையைப் புலம்பும் ஆட்டோ ஓட்டுநரோ அதை எடுத்துப் போட்டால் அங்கே ஏதோ நடக்கிறது. மறுநாள் டிவி விவாதத்துக்கு அது தலைப்பாகிறதா, அமைச்சர் பதில் சொல்ல வேண்டி வருகிறதா என்பது அடுத்த கட்டம். 2017 ஜனவரி ஜல்லிக்கட்டுப் போராட்டத்தில் மெரினாவுக்குக் கூட்டத்தைக் கொண்டுவந்தது எந்தப் பெரிய தலைவரின் கணக்கும் இல்லை, வாட்ஸ்அப்பிலும் ஃபேஸ்புக்கிலும் சாதாரணப் பையன்களும் பெண்களும் கைமாற்றிக்கொண்ட செய்திகள்தான். ஒரு வாரத்தில் அவசரச் சட்டம் வந்தது.

வாட்ஸ்அப்தான் எங்கள் தொழிலில் பெரிய குருட்டுப் புள்ளி. அங்கே வெளியில் தெரிகிற எண்ணே இல்லை. ஒரே வாசகம் ஒரே நாளில் பல ஊர்களில் முளைக்கிறதா என்று களத்தில் இருப்பவர்களிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்கிறோம். மற்ற இடங்களிலும் கதவுகள் மூடிக்கொண்டே வருகின்றன. ட்விட்டர் தரவை இலவசமாக எடுக்கும் வழி 2023-இல் போனது, ஃபேஸ்புக் பதிவுகளின் பரவலைக் காட்டிய கிரவுட்டாங்கிள் 2024 ஆகஸ்டில் மூடப்பட்டது. எண்களின் அர்த்தமும் மாறுகிறது. 2025 மார்ச் 31 முதல் யூடியூப் ஷார்ட்ஸில் வீடியோ ஓட ஆரம்பித்தாலே ஒரு வியூ, எத்தனை விநாடி பார்த்தார்கள் என்ற கணக்கு அதில் கிடையாது. அதனால் "10 லட்சம் வியூ" என்று யாராவது உங்களிடம் காட்டினால் எந்தத் தேதிக்குப் பிந்தையது என்று கேளுங்கள்.

உள்ளாட்சித் தேர்தலுக்கு நிற்கும் இளைஞர்கள் கடன் வாங்கி ஏஜென்சிகளுக்குப் பணம் கொடுப்பதைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது. தயவுசெய்து ஃபாலோயரை விலைக்கு வாங்காதீர்கள். உங்கள் வார்டில் ஓட்டு இருப்பவர்கள் எத்தனை பேர் பார்த்தார்கள் என்று மட்டும் கேளுங்கள், ஊர் வாரியான விவரத்தைத் தர முடியாது என்றால் அந்த அறிக்கைக்குப் பணம் தராதீர்கள். சராசரியைக் காட்டினால் ஏமாறாதீர்கள், ஓடிய ஒரே ஒரு ரீல் சராசரியைத் தூக்கிவிடும். கடைசி முப்பது பதிவுகளை வரிசைப்படுத்தி நடுவில் நிற்கும் பதிவுக்கு என்ன வந்தது என்று பாருங்கள்.

வாசகர்களுக்கும் ஒன்று. ஃபேஸ்புக்கில் ஒரு தலைவரைக் கொண்டாடும் பக்கத்தைப் பார்த்தால் அதன் 'பேஜ் ட்ரான்ஸ்பரன்ஸி' பகுதியைத் திறந்து பாருங்கள். அந்தப் பக்கம் எப்போது தொடங்கியது, இதற்கு முன் என்ன பெயரில் இருந்தது என்பது அங்கே இருக்கும். ஜோக் பக்கமாகவோ சினிமா ரசிகர் பக்கமாகவோ வளர்ந்து, தேர்தலுக்கு முன் பெயர் மாறியவை உண்டு. அந்த ஃபாலோயர்கள் வந்தது வேறு எதற்கோ. அப்படியே மெட்டாவின் விளம்பர நூலகத்தில் பக்கத்தின் பெயரைத் தட்டினால் அரசியல் விளம்பரத்துக்கு யார் பணம் கட்டினார்கள், தோராயமாக எவ்வளவு, எந்த மாநிலத்தில் காட்டப்பட்டது என்பதும் வரும். விளம்பர நூலகத்தைப் பார்க்கக் கணக்குகூடத் தொடங்க வேண்டியதில்லை, ஐந்து நிமிடம் போதும்.