வரிதான் பூஜ்யம், பதிவு அப்படியே இருக்கிறது

ஜனவரி பிறந்ததிலிருந்து வாரத்துக்கு இரண்டு அழைப்பாவது சைலன்சரைப் பற்றி வருகிறது. பைக் சைலன்சர் இல்லை, துப்பாக்கிக் குழலின் முனையில் திருகி மாட்டுகிற சைலன்சர். நான் டெக்சஸில் குடியேற்றம், உயில், வாரிசுச் சொத்து இவற்றைப் பார்க்கிற வழக்கறிஞர். என்னிடம் வருகிறவர்களில் பாதிப்பேர் நம் ஊர்க்காரர்கள். போன வாரம் பேசியவர் கேட்டது இது: “சார், 200 டாலர் வரியைத் தூக்கிட்டாங்களாமே, இனிமே கடைக்குப் போனோமா, வாங்கினோமா, வந்தோமான்னு இருக்கலாம்ல?”

இருக்க முடியாது. வரி மட்டும்தான் போயிருக்கிறது. படிவம், கைரேகை, புகைப்படம், பின்னணிச் சோதனை, ஒப்புதல் வரும்வரை பொருளைத் தொடாமல் காத்திருப்பது எல்லாம் அப்படியே இருக்கின்றன. இதைத் தப்பாகப் புரிந்துகொண்டால் 10 ஆண்டு வரை சிறை. குடியுரிமை வாங்காதவர்களுக்கு அதோடு நாடுகடத்தலும் சேரும். அதனால்தான் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

1934-ல் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட தேசியத் துப்பாக்கிச் சட்டத்தில் இருந்து தொடங்க வேண்டும். இயந்திரத் துப்பாக்கி, குழல் குட்டையாக வெட்டப்பட்ட ரைபிள், ஷாட்கன், அவற்றோடு சைலன்சர், இவற்றில் எதைத் தயாரித்தாலும் கைமாற்றினாலும் 200 டாலர் வரி. அன்றைய 200 டாலர் இன்றைய மதிப்பில் 4,500 டாலருக்கும் மேல், சாதாரண ஆள் வாங்கவே கூடாது என்று வைத்த தொகை. விலைவாசி ஏறியபோதும் அந்த வரியை ஏற்றவே இல்லை, 91 வருடம் அதே 200 டாலர்தான். அந்த வரியை வசூலிக்கிற கருவியாகத்தான், எது யாரிடம் இருக்கிறது என்று குறித்துவைக்கும் அரசுப் பதிவேடு சட்டத்துக்குள் வந்தது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், இன்றைய வழக்குகள் எல்லாம் அந்த ஒரு புள்ளியில்தான் நிற்கின்றன.

2025-ல் நடந்தது இதுதான். சைலன்சரை அந்தச் சட்டத்திலிருந்தே மொத்தமாக விடுவிக்க வேண்டும், சாதாரண ரைபிள் வாங்குவது போல வாங்கலாம் என்று ஆக்க வேண்டும் என்ற மசோதா 2015 முதல் திரும்பத் திரும்ப அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸுக்கு வந்து நின்றுபோனது. அந்த ஆண்டு மே 22 அன்று பெரிய வரவுசெலவு மசோதாவோடு சேர்த்து அதைக் கீழவை 215-க்கு 214 என்று ஒரே ஓட்டு வித்தியாசத்தில் நிறைவேற்றியது. ஆனால் அந்த மசோதா மேலவையான செனட்டில் சாதாரணப் பெரும்பான்மையிலேயே நிறைவேற வேண்டும் என்றால், அதில் வரவும் செலவும் சம்பந்தப்பட்ட விஷயங்கள் மட்டுமே இருக்கலாம் என்பது விதி. பதிவேட்டை நீக்குவது அந்த விதிக்குள் வராது என்று செனட்டின் விதிமுறை அதிகாரி எலிசபெத் மக்டோனா ஜூன் கடைசியில் சொல்லிவிட்டார். வரித் தொகையை மாற்றுவதற்குத் தடை இல்லை. அதனால் 200-ஐப் பூஜ்யமாக்கி, பதிவை விட்டுவிட்டு, ஜூலை 4 அன்று சட்டமாக்கினார்கள். 2026 ஜனவரி 1 முதல் அது அமலில் இருக்கிறது. சைலன்சருக்கும் குட்டைக்குழல் துப்பாக்கிகளுக்கும் வரி பூஜ்யம், இயந்திரத் துப்பாக்கிக்கு இன்னமும் 200 டாலர்தான்.

அப்புறம், வழக்கு. 1937-ல் உச்ச நீதிமன்றம் இந்தச் சட்டத்தைக் காப்பாற்றியதே, வரி விதிக்கக் காங்கிரஸுக்கு அதிகாரம் உண்டு என்ற காரணத்தில்தான். வரியே இல்லாத இடத்தில் பதிவேடு எதன்மேல் நிற்கிறது என்று கேட்டு டெக்சஸிலும் மிசௌரியிலும் வழக்குப் போட்டிருக்கிறார்கள். கேள்வி நியாயமானது என்பது என் அபிப்பிராயம். ஆனால் இதே மாதிரி, மருத்துவக் காப்பீடு இல்லாதவர்களுக்கு இருந்த அபராதத்தை 2017-ல் பூஜ்யமாக்கியபோது எழுந்த வழக்கை உச்ச நீதிமன்றம் 2021-ல் என்ன செய்தது? வழக்குப் போட்டவர்களுக்கு அதற்கான தகுதி இல்லை என்று தள்ளிவிட்டது, அசல் கேள்விக்குப் பதிலே சொல்லவில்லை. அதனால் தீர்ப்பு எப்படியும் சாதகமாகத்தான் வரும் என்று நம்பி, இன்றைக்கே பதிவில்லாமல் ஒன்றை வீட்டில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

வீடு என்றதும் எனக்கு ஒரு அம்மா ஞாபகத்துக்கு வருவார். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றிச் சொல்கிறேன். கணவர் அமெரிக்கக் குடிமகன், வேட்டைக்குப் போகிறவர், திடீரென்று மாரடைப்பில் இறந்துவிட்டார். அம்மாவிடம் இருப்பது கிரீன் கார்டு, மகன் கலிபோர்னியாவில் படிக்கிறான். காரியம் எல்லாம் முடிந்து ஒரு மாதம் கழித்துச் சேஃபைத் திறந்தால், ரைபிள்களுக்குப் பக்கத்தில் பனியன் துணியில் சுற்றிய இரண்டு கறுப்புக் குழாய். “தம்பி, இது டார்ச் லைட்டா?” என்று கேட்டு போட்டோ அனுப்பினார். முதல் குழாயில் கம்பெனி பெயரும் வரிசை எண்ணும் ஆழமாகப் பொறித்திருந்தது, அதற்கான ஒப்புதல் படிவமும் ஃபைலில் இருந்தது. இரண்டாவதில் ஒரு எழுத்துக்கூட இல்லை. துப்பாக்கி துடைக்கும் எண்ணெயைப் பிடிக்கிற குழாய் என்று இணையத்தில் மலிவாக விற்கிறார்களே, அதைக் கணவர் வாங்கி, உள்ளே இருந்த கிண்ணங்களின் நடுவில் டிரில் போட்டிருந்தார். டிரில் போட்ட அந்த நிமிடமே அது சட்டத்தின் பார்வையில் சைலன்சர், அதுவும் பதிவில்லாத சைலன்சர்.

முதல் குழாய்க்கு வழி சுலபம். வாரிசுக்குப் போனால் எப்போதுமே வரி கிடையாது, அதற்குத் தனிப் படிவம் இருக்கிறது. ஆனால் கலிபோர்னியாவில் சைலன்சர் வைத்திருப்பதே குற்றம் என்பதால் மகனுக்குக் கொடுக்க முடியவில்லை, அம்மாவுக்கும் வைத்துக்கொள்ள இஷ்டமில்லை. உரிமம் உள்ள ஒரு கடைக்காரருக்கு மாற்றினோம், வாரிசு அல்லாதவர் என்பதால் அன்றைக்கு 200 டாலர் கட்டினோம். இரண்டாவதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. பதிவில்லாத ஒன்றைப் பின்னால் பதிவு செய்ய வழியே கிடையாது. அப்படி ஒரு மன்னிப்புக் காலம் கொடுத்தது 1968-ல் ஒரே ஒரு மாதம்தான். அந்தக் குழாயை அம்மா எடுத்துக்கொண்டு கடைக்கோ போலீஸுக்கோ காரில் போயிருந்தால் அதுவே அவர் கையில் பதிவில்லாத ஆயுதம் இருந்ததாக ஆகியிருக்கும். வழக்கறிஞர் மூலம் துப்பாக்கி, வெடிபொருள் சட்டங்களைப் பார்க்கிற மத்திய அரசின் ஏ.டி.எஃப் துறைக்குச் சொல்லி, அவர்களே வந்து எடுத்துப்போகும்படி செய்தோம். அம்மா அன்று முழுக்க வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார், அந்தச் சேஃப் இருந்த அறைக்குள் போகவே இல்லை.

இப்போது என்னிடம் கேட்கிற இன்னொரு கேள்வி: “வரி கட்டாததுதானே தப்பு, இப்போ வரியே இல்லையே, முன்னாடி செஞ்சு வெச்சதை இப்போ பதிஞ்சுக்கலாமா?” முடியாது. தானே செய்வதற்கும் விண்ணப்பித்து, ஒப்புதல் வாங்கி, அதற்குப் பிறகுதான் டிரில்லையே எடுக்க வேண்டும். வரி பூஜ்யம் ஆனதால் இந்த வரிசை மாறவில்லை.

விசாவில் இருப்பவர்களுக்குத் தனியாகச் சொல்கிறேன். எச்-1பி வேலை விசா, அவர்கள் குடும்பத்தாரின் எச்-4, மாணவர்களின் எஃப்-1, ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவின் சுற்றுலா விசா, இவற்றில் இருப்பவர்கள் மாநில வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் இல்லாமல் துப்பாக்கியையோ தோட்டாவையோ வைத்திருக்கக் கூடாது. நண்பரின் பண்ணையில் ஐந்து நிமிடம் கையில் வாங்கிச் சுட்டாலும் அது வைத்திருந்த கணக்குதான். மத்தியச் சட்டத்தின் வரையறையில் சைலன்சர் தனியாகவே ஒரு ‘துப்பாக்கி’. அதாவது தோட்டா போடவே இடமில்லாத அந்த வெறும் குழாயும் அதே தடைக்குள் வரும். கணவருக்குக் குடியுரிமை வந்து மனைவி இன்னும் விசாவில் இருக்கும் வீடுகளில் சேஃபின் எண் இருவருக்கும் தெரிந்திருந்தாலே சிக்கல் வரலாம். கிரீன் கார்டு உள்ளவர்கள் வாங்கலாம், தடையில்லை. ஆனால் பதிவுக் குற்றத்தில் தண்டனை வாங்கினால் குடியேற்றச் சட்டம் அதைக் கடும் குற்றப் பட்டியலில் சேர்க்கிறது. பதினைந்து வருடம் இங்கே வாழ்ந்து, வீடு வாங்கி, பிள்ளைகளைப் படிக்க வைத்தவரும் நாடுகடத்தல் வழக்கில் நிற்க வேண்டி வரும், தப்பிக்கிற வழிகளும் மிகக் குறைவு.

‘டெக்சஸில் செய்தது, டெக்சஸைத் தாண்டாது, அதனால் மத்தியச் சட்டம் செல்லாது’ என்று நண்பர்கள் சொல்வதையும் நம்ப வேண்டாம். அப்படி ஒரு மாநிலச் சட்டம் இங்கே 2021-ல் வந்தது உண்மை. மாநில அரசே அதை வைத்து வழக்குப் போட்டு, தகுதி இல்லை என்று 2024-ல் மேல்முறையீட்டிலும் தோற்றது. கான்சஸில் இதே மாதிரிச் சட்டத்தை நம்பி ஒருவர் சைலன்சர் செய்து விற்றார், இன்னொருவர் வாங்கினார். 2016-ல் இருவருமே குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. மாநிலச் சட்டத்தை நம்பித்தான் செய்தோம் என்று அவர்கள் சொன்னதை மேல் நீதிமன்றம் ஏற்கவில்லை.

பயணம் போகிறவர்களும் கவனிக்க வேண்டும். கலிபோர்னியா, நியூயார்க், நியூ ஜெர்சி, இல்லினாய், மாசசூசெட்ஸ், ரோட் ஐலண்ட், டெலவேர், ஹவாய் ஆகிய எட்டு மாநிலங்களிலும் தலைநகர் வாஷிங்டனிலும் பொதுமக்கள் சைலன்சர் வைத்திருக்க அனுமதி இல்லை, மத்திய ஒப்புதல் கையில் இருந்தாலும் இல்லை. வேலை மாறி நியூ ஜெர்சிக்குப் போகிற நம் ஆட்கள் சாமான் கட்டும்போது இதை யோசிப்பதே கிடையாது.

சைலன்சரே கூடாது என்று சொல்கிறவன் இல்லை நான். ஏ.ஆர்-15 ரைபிள் சுடும் சத்தம் 160 டெசிபலைத் தாண்டும், 140-க்கு மேல் போனால் ஒரே வெடியிலும் காது கெடலாம். சைலன்சர் அதில் 20 முதல் 35 டெசிபல் வரை குறைக்கும், சினிமாவில் வருவது போல ‘புஸ்’ என்று ஆக்கிவிடாது. பண்ணை வைத்திருக்கும் என் கட்சிக்காரர் ஒருவருக்கு வலது காதில் எப்போதும் ரீங்காரம், இருபது வயதிலேயே இதை வாங்கியிருக்கலாம் என்று வருத்தப்படுவார். மறுபக்கம், 2019-ல் வர்ஜீனியா பீச்சில் 12 பேரைச் சுட்டுக் கொன்றவன் சைலன்சர் மாட்டியிருந்தான். அந்தக் குடும்பங்களின் பயத்தை ஒதுக்கித் தள்ள எனக்கு மனம் வராது. பதிவேடு வேண்டுமா வேண்டாமா என்பதைக் காங்கிரஸும் நீதிமன்றமும் தெளிவாக முடிவு செய்யட்டும். இப்படி வரியை மட்டும் எடுத்து, பதிவைப் பாதியில் விட்டதுதான் சாதாரண ஆட்களைக் குழப்பியிருக்கிறது.

கடையில் ‘இனி செலவே இல்லை சார்’ என்று சொன்னால், ஒப்புதல் வந்த பிறகுதான் பொருளைக் கையில் கொடுப்பீர்களா என்று கேளுங்கள். அந்த ஒப்புதல் காகிதத்தின் ஒரு நகல் எங்கே இருக்கிறது என்பதை வீட்டில் ஒருவரிடமாவது சொல்லி வையுங்கள்.