ஈறு நோய்: அபாயத்தை அளந்து சிகிச்சையை வகுக்கும் முறை

இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில், பல் துலக்கும் வழக்கமோ பல் மருத்துவ வசதியோ இல்லாதிருந்த 480 தமிழ்த் தொழிலாளர்களின் ஈறுகளை, நார்வே நாட்டு ஆய்வாளர் ஹரால்ட் லோவும் அவருடைய குழுவினரும் 1970 முதல் 15 ஆண்டுகள் தொடர்ந்து பரிசோதித்தனர். ஏறக்குறைய எல்லோருடைய பற்களிலும் காரை படிந்து, ஈறுகள் வீங்கியிருந்தன. ஆயினும் 8 சதவீதத்தினருக்கு மட்டுமே பல்லைத் தாங்கும் திசுக்கள் மிக வேகமாக அழிந்தன; 81 சதவீதத்தினருக்கு அழிவு மிதமாக இருந்தது; எஞ்சிய 11 சதவீதத்தினருக்கு நோய் ஈறு வீக்கத்தைத் தாண்டவே இல்லை. பல் மருத்துவமே எட்டாத உழைப்பாளிகளின் வாய்களிலிருந்து கிடைத்த அறிவு இது என்பதை நாம் மறக்கக் கூடாது. கிருமிப் படலம் நோயைத் தொடங்கிவைக்கிறது. அது எலும்பை எவ்வளவு விரைவாகக் கரைக்கும் என்பது பெரும்பாலும் அந்த மனிதரின் உடலையும் பழக்கங்களையும் பொறுத்தது.

ஆகவே, ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேலிங் (பற்காரையைச் சுரண்டி நீக்கும் சுத்தம்) என்ற ஒரே விதி எல்லோருக்கும் பொருந்தாது. முதற்கட்டச் சிகிச்சை முடிந்தவருக்கு நோய் திரும்பும் வாய்ப்பு எவ்வளவு என்பதை மதிப்பிட, ஈறு நோய் ஆய்வாளர்கள் நிக்லாஸ் லாங், மௌரிசியோ டொனெட்டி ஆகியோர் 2003இல் ஓர் அறுகோண வரைபடத்தை வகுத்தனர். அளவுகோலால் தொட்டதும் இரத்தம் கசியும் இடங்களின் சதவீதம், பல்லுக்கும் ஈறுக்கும் இடையே 5 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் ஆழமுள்ள பைகளின் எண்ணிக்கை, இழந்த பற்கள், வயதோடு ஒப்பிட்ட எலும்பு இழப்பு, சர்க்கரை நோய் போன்ற உடல்நிலைகள், புகைப்பழக்கம் ஆகியவை அதன் ஆறு அச்சுகள்.

இவற்றுள் வயதோடு ஒப்பிடும் அச்சு கூர்ந்து கவனிக்கத்தக்கது. சென்னைக் கோட்டை ரயில் நிலையத்துக்கு அருகிலுள்ள அரசு பல் மருத்துவமனைக்கு இருவர் வருவதாக வைத்துக்கொள்வோம். எக்ஸ்ரேயில் இருவருக்கும், மிக அதிகமாகப் பாதிக்கப்பட்ட கடைவாய்ப் பல்லின் வேர் நீளத்தில் 42 சதவீத அளவுக்கு எலும்பு குறைந்திருக்கிறது. ஒருவருக்கு வயது 70; 42ஐ 70ஆல் வகுத்தால் 0.6, அதாவது நடுத்தர அபாயம். மற்றவருக்கு வயது 35, விகிதம் 1.2. ஒன்றைத் தாண்டினால் அதிக அபாயம். முதியவர் ஐம்பது, அறுபது ஆண்டுகளில் இழந்ததை இளையவர் பாதிக் காலத்திலேயே இழந்துவிட்டார் என்பதால், அவரிடம் காத்திருந்து பார்ப்பதற்கு இடமில்லை.

இரத்தக் கசிவு இன்னொரு நுட்பமான அளவு. 28 பற்களில், பல்லுக்கு ஆறு இடங்கள் வீதம் 168 இடங்களைத் தொட்டுப் பார்க்கிறார்கள். அவற்றில் 10 சதவீதத்துக்குக் கீழே கசிந்தால் அபாயம் குறைவு; 25 சதவீதத்தைத் தாண்டினால் அதிகம். புகைப்பவர்களிடம் மட்டும் இந்த அளவு ஏமாற்றக்கூடும். புகையிலை ஈறுகளில் இரத்தக் கசிவைக் குறைத்துவிடுவதால், உள்ளே எலும்பு கரைந்துகொண்டிருக்கும்போதும் ஈறு வெளிப்பார்வைக்கு நலமாகத் தெரியும்.

சென்னையில் நான் மிக முக்கியமாகக் கருதுவது சர்க்கரை நோய் அச்சை. கட்டுப்படாத சர்க்கரை, வெள்ளணுக்களின் செயல்திறனைக் குறைத்து, அழற்சியைத் தூண்டி, புண் ஆறுவதைத் தாமதப்படுத்துகிறது. 2017இல் உருவான உலகளாவிய வகைப்பாட்டின்படி, சர்க்கரை நோயாளியின் மூன்று மாத இரத்தச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 7 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால், ஈறு நோய் வேகமாக முன்னேறும் பிரிவில் அவர் சேர்க்கப்படுகிறார். நாளொன்றுக்குப் பத்து சிகரெட்டும் அதற்கு மேலும் புகைப்பவரும் அவ்வாறே. மறுதிசையிலும் பலன் உண்டு: ஈறுச் சிகிச்சைக்குப் பின் மூன்று, நான்கு மாதங்களில் எச்பிஏ1சி சராசரியாக ஏறக்குறைய 0.4 சதவீதப் புள்ளி குறைகிறது. ஆகவே ஈறுகளில் கைவைக்கும் முன் சர்க்கரைப் பரிசோதனை அறிக்கையைக் கேட்கும் வழக்கம் இங்கே ஒவ்வொரு பல் மருத்துவமனையிலும் வர வேண்டும்.

இரண்டு அச்சுகளாவது அதிக அபாயப் பகுதியில் விழுந்தால், நோயாளி அதிக அபாயமுள்ளவர். அவரைப் பெரும்பாலும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அழைப்பார்கள். ஆழ்ந்த பைகளில் தீய கிருமிகள் மீண்டும் குடியேறச் சில வாரங்கள் முதல் சில மாதங்கள் வரையே ஆகின்றன. குறைந்த அபாயமுள்ளவருக்கு ஆண்டுக்கு ஒருமுறை போதலாம். இழந்த பல்லும் கரைந்த எலும்பும் வரைபடத்தில் அப்படியே நின்றாலும், புகையை விட்டு, சர்க்கரையைக் கட்டுப்படுத்தி, பற்களுக்கிடையே தினமும் சுத்தம் செய்பவருடைய மற்ற அச்சுகள் உள்நோக்கி, அதாவது குறைந்த அபாயத்தை நோக்கிச் சுருங்கும். அடுத்த வருகையில் வரைபடத்தை மீண்டும் வரைந்து, இடைவெளியை நீட்டலாமா என்று மருத்துவர் முடிவுசெய்வார்.